"இதுல எது என்னோடது, டீச்சர்?"

கேள்வி:

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக வேலை பார்க்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 41 பிள்ளைகள். மாதத்துக்கு மூன்று, நான்கு சிறப்பு நாட்கள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் சார்ட் எழுதி, தோரணம் கட்டி, படம் எடுத்து அனுப்பி முடிப்பதற்குள் நான் களைத்துப்போகிறேன்.

சென்ற ஆண்டு 'மஞ்சள் நிற நாள்' வைத்தோம். அன்று ஏழு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்களிடம் மஞ்சள் சட்டை இல்லை. கைவேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், வேலைக்குப் போய்விட்டு வந்த அம்மாக்கள் ராத்திரியில் உட்கார்ந்து செய்து அனுப்புகிறார்கள். முடியாதவர்கள் கடையில் வாங்கித் தருகிறார்கள். பள்ளியில் வைத்துச் செய்யலாம் என்றால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில். சின்னப் பிள்ளைகளுக்கு வெட்டத் தெரியவில்லை, பெரிய பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள். செலவும் என் கையிலிருந்துதான்.

விழா நாட்களை விட்டுவிடவும் மனசில்லை. அன்றைக்குப் பிள்ளைகள் முகம் வேறு மாதிரி இருக்கிறது. இந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் சேர்த்து எப்படித் திட்டமிடுவது? எந்த நாளுக்கு என்ன செய்யச் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் அந்த ஏழு பிள்ளைகள் வந்த இடத்தைத் தாண்டி மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விழா நாளன்று ஒரு பிள்ளை வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிட்டால், அந்த விழா நடக்கவே இல்லை என்றுதான் நான் கணக்கு வைப்பேன். அதை நீங்கள் கவனித்து, விசாரித்து, மனதில் வைத்திருக்கிறீர்கள். திட்டத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகள் தினத்துக்கு முதல் நாள் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து நாற்பது ரோஜாப் பூ வெட்டினேன். சிவப்புத் தாளில் இதழ், பச்சைத் தாளில் தண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. மறுநாள் பிள்ளைகள் செய்த வேலை, நான் வெட்டியதை நான் சொன்ன இடத்தில் ஒட்டியது மட்டும்தான். நாற்பதையும் நூலில் கோத்துச் சுவரில் கட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். சாயங்காலம் மணி அடித்த பிறகும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். என்னடா என்றேன். "இதுல எது என்னோடது, டீச்சர்?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கேள்விதான் எனக்கு அளவுகோல். ஒரு நாள் முடியும்போது ஒவ்வொரு பிள்ளையும் "இது என்னோடது" என்று ஒன்றைக் காட்ட முடிந்தால் அது நல்ல நாள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எத்தனை நாள் கொண்டாடலாம்?

இரண்டு பேர் இருக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு எட்டு நாள் போதும். மிச்ச நாட்களை விட்டுவிட வேண்டாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம், ஒரு செய்தி, ஒரு கேள்வி, அவ்வளவு. அந்த எட்டு நாளுக்கு மட்டும் மதியத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள்.

ஒரு நாளைப் பட்டியலில் சேர்க்கும்முன் மூன்று விஷயம் பாருங்கள். பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்தாலும் கலந்துகொள்ள முடிய வேண்டும். உடை, பணம், கடைப் பொருள் எதுவும் கேட்கக் கூடாது. செய்கிற பொருளுக்கும் அந்த நாளுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும். செய்து முடித்ததை வைத்து விளையாடவோ, படிக்கவோ, யாருக்காவது கொடுக்கவோ முடிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு யோசனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மஞ்சள் நாளையே எடுத்துக்கொள்வோம். "மஞ்சள் சட்டை போட்டு வாருங்கள்" என்பதற்குப் பதில், "வரும் வழியில் கண்ணில் படுகிற மஞ்சள் நிறப் பொருள் ஒன்று கொண்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஆவாரம்பூ வரும், பழுத்த வேப்பிலை வரும், எலுமிச்சம்பழம் வரும், மிட்டாய்த் தாள் வரும். எல்லாவற்றையும் தரையில் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள் வரை வரிசையாக வைக்கச் சொன்னால், எது முன்னால் எது பின்னால் என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். நிறத்தைப் பற்றிய பாடம் அங்கேதான் நடக்கிறது.

ஆண்டுத் திட்டம்

உங்கள் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் பனை. தமிழ்நாட்டின் மாநில மரம் அதுதான். எட்டு நாளில் நான்கை அந்த ஒரு மரத்தை வைத்தே கோத்துத் தருகிறேன். வெவ்வேறு நாட்களாக இருந்தாலும் ஒரு கதை ஆண்டு முழுதும் தொடர்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உங்களுக்கும் பொருள் தேடும் வேலை பாதியாகும்.

ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். 1903-இல் காமராசர் பிறந்த நாள். அவருக்குச் சிறு வயதிலேயே படிப்பு நின்றுபோனது. ஆனால் முதலமைச்சரான பிறகு மதிய உணவு கொடுத்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைத்தார். இதைச் சொல்லிவிட்டு, முந்தின நாளே ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் தாத்தாவோ பாட்டியோ எத்தனையாவது வரை படித்தார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்டு வர வேண்டும். அதை ஒரே தாளில் செய்யும் எட்டுப் பக்கப் புத்தகமாக ஆக்கலாம். ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் அடுத்த மடிப்பு வரை வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு ஓரத்தையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகம் தானாகச் சேரும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படம் வரையட்டும். மாலையில் அந்தப் புத்தகத்தைப் பாட்டியிடமே படித்துக் காட்ட வேண்டும்.

ஆடி மாதம், காற்று நாள். எந்த நாட்காட்டியிலும் இல்லாத நாள் இது. உங்கள் ஊர் வானிலை கொடுக்கும் நாள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற காலத்தில் ஓலைக் காற்றாடி செய்யாமல் வேறு எப்போது செய்வது? செய்முறையைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

செப்டம்பர், பனை விதை நாள். பனம்பழம் விழும் காலம். பிள்ளைகளோடு போய் விதை பொறுக்கி வாருங்கள். பாதியைக் கண்மாய்க் கரையில் ஊன்றலாம். வடகிழக்குப் பருவமழை வந்து பார்த்துக்கொள்ளும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று வெயிலில் கன்று நட்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பட்டுப்போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நடுவதை மழைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதியைப் பள்ளி வளாகத்தில் மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டிப் புதையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விதை, பக்கத்தில் பெயர் எழுதிய குச்சி ஒன்று.

நவம்பர் 14, குழந்தைகள் தினம். 1889-இல் நேரு பிறந்த நாள். நமக்கு மழைக்காலம். இதற்குக் காகிதக் கப்பலைவிடப் பொருத்தமான கைவேலை இல்லை. சாதாக் கப்பல், கத்திக் கப்பல் இரண்டும் தெரிந்த பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். அன்றைக்கு அவர்கள்தான் ஆசிரியர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, எந்தக் கப்பல் எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று ஏற்றிப் பாருங்கள். அடிப்பாகம் அகன்ற கப்பல் ஏன் கூடுதலாகத் தாங்குகிறது என்ற கேள்வி தானாக வரும்.

டிசம்பர், கணித நாள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த ராமானுஜனின் பிறந்த நாள் டிசம்பர் 22. அந்த வாரம் பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வில் போய்விடும் என்பதால் மாதத் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தரையில் புளியங்கொட்டையால் புள்ளி வைத்துக் கோலம் போடலாம். 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் 13 கொட்டை வேண்டும். 1, 3, 5, 7, 5, 3, 1 என்றால் 25. சின்னவர்கள் எண்ணட்டும். ஐந்தாம் வகுப்பிடம், "நடுவில் 9 வரை போனால் எத்தனை வேண்டும், எண்ணாமல் சொல்லு" என்று கேளுங்கள். 41 என்று யாராவது கண்டுபிடித்தால், உங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒரு புள்ளி!

ஜனவரி, பொங்கல். பண்டிகை நாட்கள் விடுமுறை என்பதால் அதற்கு முந்தின வேலை நாளில் வைப்போம். செப்டம்பரில் புதைத்த பாத்தியை அன்றைக்குத் தோண்டலாம். மூன்று நான்கு மாதத்தில் பனங்கிழங்கு இறங்கியிருக்கும். பெரியவர் ஒருவரை வைத்து விதையைப் பிளந்தால் உள்ளே தவுண். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து எல்லாரும் சாப்பிடலாம். அன்றைக்கு வாழ்த்து அட்டை ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். அது சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு.

பிப்ரவரியில் இரண்டு நல்ல நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. 21 உலகத் தாய்மொழி நாள், 28 தேசிய அறிவியல் நாள். இரண்டையும் பெரிதாகச் செய்ய வேண்டாம். ஓர் ஆண்டு ஒன்று, மறு ஆண்டு மற்றொன்று. பிள்ளைகள் உங்களிடம் ஐந்து ஆண்டு இருக்கிறார்களே! தாய்மொழி நாளுக்கு அதே எட்டுப் பக்கப் புத்தகத்தில் 'எங்கள் வீட்டுச் சொற்கள்' தொகுக்கலாம். பாட்டி மட்டும் சொல்கிற சொல், கடலுக்குப் போகிற அப்பா சொல்கிற சொல் என்று பக்கத்துக்கு ஒன்று. அறிவியல் நாள், 1928-இல் சர் சி.வி. ராமன் தம் கண்டுபிடிப்பை அறிவித்த நாள். அவர் 1921-இல் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தவர். கடல் பார்த்து வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்துக் கதை கிடையாது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் வட்டம் வெட்டி, வானவில் நிறங்களைப் பூசி, நடுவில் இரண்டு துளை போட்டு நூல் கோத்து இழுத்துச் சுற்றச் சொல்லுங்கள். நிறங்கள் மறைந்து வட்டு வெளுத்துத் தெரியும்.

ஏப்ரல், கடைசி வேலை வாரம். நுங்குக் காலம். நுங்கு எடுத்தபின் மிஞ்சும் காய் இரண்டை ஒரு குச்சியில் இணைத்து, கவட்டைக் கம்பு வைத்து வண்டி ஓட்டலாம். ஐந்தாம் வகுப்பை விட்டுப் போகிறவர்களுக்கு இதுதான் விடைபெறும் விழா. அவர்கள் செய்த வண்டியை ஒன்றாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

வேற்று மதப் பண்டிகைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. ரமலானோ கிறிஸ்துமஸோ வரும்போது, அதைக் கொண்டாடும் வீட்டுப் பிள்ளை எழுந்து, "எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன செய்வோம்" என்று சொல்லட்டும். நாம் விளக்குவதைவிட அது அழகு. அந்தப் பிள்ளையும் ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கும்.

ஒரு நாள் எப்படி நடக்க வேண்டும்: ஓலைக் காற்றாடி

ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: பேச்சுக்குப் பதினைந்து நிமிடம், செய்வதற்கு நாற்பது, விளையாட இருபது, கூட்டிப் பெருக்கிச் செய்ததைப் பற்றிப் பேசப் பதினைந்து. விளையாடும் இருபது நிமிடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

ஓலை காய்ந்து மொரமொரப்பாக இருந்தால் கிழியும். வெட்டி ஓரிரு நாள் ஆன, லேசாக வாடிய ஓலைதான் வளையும். ஓலையின் இரண்டு பக்க விளிம்பும் கையைக் கீறும் என்பதால் முன்கூட்டியே நறுக்கி வையுங்கள். நடு ஈர்க்கை உரித்துவிட்டு, இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் ஆளுக்கு இரண்டு துண்டு. ஒரு துண்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, மற்றத் துண்டை அதில் நுழைத்தால் கூட்டல் குறி கிடைக்கும். நான்கு இறக்கையையும் ஒரே பக்கமாகச் சற்று முறுக்க வேண்டும். நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டையில் செருகினால் காற்றாடி தயார். கீறல் போடுவதும் முள் குத்துவதும் உங்கள் வேலை. மற்றதெல்லாம் அவர்கள் வேலை.

நான் கடைசியாக இதைச் செய்தபோது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் காற்றாடி மட்டும் சுற்றவில்லை. ஊதிப் பார்த்தாள், ஓடிப் பார்த்தாள். அழுகை வரும்போல இருந்தது. நான் வாங்கிச் சரிசெய்திருந்தால் ஒரு நொடி வேலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பக்கத்தில் சுற்றுகிறதே, அதையும் உன்னுடையதையும் சேர்த்து வைத்துப் பார்" என்று மட்டும் சொன்னேன். இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓர் இறக்கையைத் தொட்டு, "இது மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு" என்றாள். முறுக்கை மாற்றினாள். காற்று வந்தது, சுற்றியது. அவள் மைதானத்தின் கடைசி வரை ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தக் காற்றாடி யாருடையது என்று அவளிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: ஓடுகிற, சுற்றுகிற பொருளாக இருந்தால் வேலை செய்யும் மாதிரி ஒன்றைக் காட்டுங்கள். படம், அட்டை, பூ மாதிரியான வேலையாக இருந்தால் நீங்கள் செய்ததைக் காட்டாதீர்கள். செய்யும் விதத்தை மட்டும் காட்டுங்கள். டீச்சர் செய்த பூவைப் பார்த்துவிட்டால் நாற்பத்தொரு பேரும் டீச்சர் பூவைத்தான் செய்வார்கள்.

ஐந்து வகுப்பும் ஒரே அறையில்

இதைச் சங்கடமாக நினைக்காதீர்கள். கைவேலைக்கு இது வசதி. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் என்று ஜோடி சேருங்கள். அந்த ஜோடி ஆண்டு முழுதும் மாறக் கூடாது. ஒன்றாம் வகுப்புக்குக் கிழிப்பது, கசக்குவது, ஒட்டுவது. இரண்டாம் வகுப்புக்கு மடிப்பதும், தாளின் ஓரத்தில் புல் மாதிரி சின்னச் சின்ன வெட்டு போடுவதும். கத்திரிக்கோல் பழக அதுதான் முதல் படி. மூன்றாம் வகுப்பு நேர்க்கோட்டில் வெட்டட்டும். பெரியவர்கள் அளக்கட்டும், வளைவு வெட்டட்டும். "உன் தம்பிக்குச் சொல்லிக்கொடு, ஆனால் அவன் வேலையை நீ தொடக் கூடாது" என்பது ஒன்றுதான் விதி. சீக்கிரம் முடித்துவிட்டுச் சத்தம் போடும் பிரச்சினை இதிலேயே தீரும். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளை கோணலாக வெட்டினால் கை திருந்தவில்லை என்று நினைக்காதீர்கள்; சாதாரணக் கத்திரிக்கோல் வலது கைக்குச் செய்தது. கிழித்து ஒட்டவோ மடிக்கவோ விடுங்கள்.

பொருளும் பாதுகாப்பும்

அறையின் மூலையில் ஒரு பெட்டி வையுங்கள். காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, கொட்டாங்குச்சி, தையல் கடை வெட்டுத் துணி என்று ஆண்டு முழுதும் சேரட்டும். கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்தே வடிவியல் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாடெங்கும் காட்டியவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய பொம்மைகளைத் தேடிப் பாருங்கள், பத்து ஆண்டுக்கு யோசனை கிடைக்கும். தெர்மாகோல், ஜிகினாத்தூள் இரண்டும் வேண்டாம்; அடுத்த நாள் அவை குப்பை, அதன்பிறகும் மண்ணில் மக்காது.

பசைக்கு மைதாவைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். புழு வைக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். பிள்ளைகள் தொடும் பசையில் அது கூடவே கூடாது, விஷம். அன்றன்று காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். விதை ஒட்டும் வேலைக்குக் குன்றிமணி, ஆமணக்கு, அரளி மூன்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். குன்றிமணி பார்க்க அத்தனை அழகு. ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. புளியங்கொட்டையே போதும்; ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதையும் வாயிலோ மூக்கிலோ போடாமல் பக்கத்தில் இருக்கும் அண்ணன் அக்கா பார்த்துக்கொள்ள வேண்டும்.

படம் அனுப்ப வேண்டியிருந்தால் வேலை செய்யும் கைகளை எடுங்கள். வரிசையில் நிற்கவைத்து எடுக்கும் நேரமும் மிச்சமாகும். சுவரில் மாட்டுவதை உங்கள் கண் உயரத்தில் மாட்டாமல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் கையெழுத்திலேயே பெயர். ஒரு வாரத்தில் கழற்றி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலையாக இந்த வாரமே ஒரு பெட்டியும், ஜூலை 15-க்கு 41 தாளும் எடுத்து வையுங்கள். ஜோடி பிரிக்கும்போது, சென்ற ஆண்டு வராத அந்த ஏழு பேரை முதலில் கூப்பிட்டு, யாரோடு சேர விருப்பம் என்று கேளுங்கள். தை பிறக்கும் முன்னால் பாத்தியைத் தோண்டும்போது, அவரவர் குச்சியைத் தேடிக்கொண்டு அந்த ஏழு பேரும் மற்றவர்களோடு மண்ணில் உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனை கிழங்கு வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.